வடக்கே போகிற வண்டிகளும் வடக்கே போன லொறிகளும்

யாழ்ப்பாணத்துக்கு வண்டி கட்டிப் போய்வந்து கட்டுரை எழுதுவது இந்நாட்டில் ஒரு தனி இலக்கிய வகையாக வளர்ந்துவிட்டது. முன்னர் ஞாயிறு மலர்களில் அரைப் பக்கம் பிடித்துக்கொண்டிருந்தது. இன்று காணொளியாக வருகிறது. அமைப்பில் மட்டும் மாற்றமில்லை. ஒரு கணவன், ஒரு மனைவி. பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டுப் பலகைக் கட்டிலும் சிறிய எரிவாயு அடுப்பும் பொருத்திய ஒரு வேன். தம்புள்ளையில் தேநீர். மதவாச்சியில், இதற்கப்பால் வடக்கு என்று ஒரு பெருமூச்சு. முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் கச்சான் கொறிப்பு. ஆனையிறவில் நினைவுச் சின்னத்தின் முன்னால் ஒரு படம். பருத்தித்துறையைத் தாண்டிச் சக்கோட்டை முனையில், நாட்டின் வட அந்தலையில், வேனின் பின்கதவைத் திறந்துவைத்துக் கால் நீட்டி அமர்ந்து, கையில் கோப்பையோடு சூரிய உதயம். முடிந்தது பயணம்.

வேன்மீதோ, கட்டில்மீதோ, கோப்பைமீதோ எனக்கு வழக்கு எதுவும் இல்லை. நானும் என் மனைவியும் அப்படியொரு வேனில் அதே வீதியில் போய்வந்தவர்கள்தாம். முறிகண்டிக் கச்சான் உண்மையிலேயே நல்ல கச்சான். என் வழக்கு இக்கட்டுரைகளில் தவறாமல் இடம்பெறும் ஒரேயொரு வாக்கியத்தோடு. சொற்கள் கட்டுரைக்குக் கட்டுரை மாறும், பொருள் மாறாது. வவுனியாவைத் தாண்டினால் யாழ்ப்பாணம் வரும்வரை ஒன்றுமில்லை, இருமருங்கும் காடும் வெட்டவெளியுந்தான் என்பது அது.

ஒன்றுமில்லாத இடத்துக்கு என் சின்னம்மா போகவில்லை.

நான் இரத்தினபுரி மாவட்டத்தில், காவத்தைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவன். 1981 ஓகஸ்டில் எனக்குப் பதினொரு வயது. யாழ்ப்பாண நூலகம் எரிந்து இரண்டு மாதங்கள் கழிந்திருந்தன. அந்த மாதத்தில் இரத்தினபுரி, காவத்தை, பலாங்கொடை, இறக்குவானைப் பகுதித் தோட்டங்கள் தாக்கப்பட்டன, லயங்கள் எரிந்தன, மக்கள் இறப்பர் மலைக்குள்ளும் காட்டுக்குள்ளும் இரவைக் கழித்தார்கள். இது எவரும் மறுக்காத வரலாறு. அதன்பின் சில வாரங்கள் கழித்து என் சின்னம்மாவின் குடும்பம் ஒரு லொறியில் ஏறிற்று. ஒரு தகரப் பெட்டி, இரண்டு பாய், அம்மி, ஒரு கோழிக்கூடு. அம்மியை ஏன் ஏற்றுகிறாய் என்று என் தகப்பனார் கேட்டதும், வன்னியில் கல் கிடைக்குமோ என்னவோ என்று சின்னம்மா சொன்னதும் என் நினைவில் இருக்கின்றன. அந்த லொறி போனதும் இதே ஏ-9 வீதியில்தான். அதிலும் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். அவர்களும் வண்டியிலேயே படுத்து, வழியில் அடுப்பு மூட்டித்தான் போனார்கள். அதை எவரும் பயணக் கட்டுரையாக எழுதவில்லை.

மலையகம் என்றவுடன் நுவரெலியாவையும் அட்டனையும் நினைப்பவர்களுக்குச் சபரகமுவவைப் பற்றிச் சற்று விளக்க வேண்டும். அங்கே தோட்டத்தை ஒட்டித் தோட்டம். ஒரு மலையில் கூவினால் மறு மலையில் நம்மவர் காதில் விழும். இரத்தினபுரியிலும் கேகாலையிலும் அப்படியில்லை. தாழ்நிலத் தேயிலையும் இறப்பரும் கலந்த தோட்டங்கள், ஒவ்வொன்றும் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே தனித்தனித் தீவாகக் கிடக்கும். யட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் எத்தனையோ தலைமுறைகள் கிராமத்தாரும் தோட்டத்தாரும் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்ததுண்டு. சங்கமும் செங்கொடியும் இருசாராரையும் ஒன்றாய் நிறுத்திய காலமும் உண்டு. ஆயினும் கலவரம் என்று வந்தால் ஓடி ஒளிய அடுத்த தோட்டம் இல்லை. தேர்தல் என்று வந்தால் வாக்குகள் சிதறிப்போகும். ஆகவே 1977 இலும் 1981 இலும் 1983 இலும் வடக்கே போன லொறிகளில் சபரகமுவக் குடும்பங்கள் நிறையவே இருந்ததில் வியப்பேதுமில்லை.

இவர்களுக்குப் போக்கிடம் என்று சட்டப்படி எதுவும் இருக்கவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கிற்று. 1964 ஒக்டோபர் 30 இல் ஒப்பமிடப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்குபோட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974 இல் பாதிபாதியாகப் பிரித்தார்கள். சந்தையில் ஆடு பிரிப்பதற்கும் இதைவிடக் கூடுதல் நேரம் எடுப்பார்கள். 1973 - 74 இல் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள். 1975 இல் தோட்டங்கள் தேசியமயம். காணி கிராமத்தவருக்குப் பகிரப்பட்ட இடங்களில் வேலையும் போயிற்று, லயமும் போயிற்று. அதன்மேல் கலவரங்கள். இப்படித்தான் அந்த லொறிகள் நிரம்பின.

ஏ-9 வீதியைப் பற்றி எழுதுகிறவர்கள் கண்டியிலிருந்து யாழ்ப்பாணம்வரை ஏறத்தாழ 320 கிலோமீற்றர் என்று எழுதுவார்கள். 2002 இல் போர்நிறுத்தத்துடன் திறந்தது, 2006 ஓகஸ்டில் மூடியது, 2009 ஜனவரியில் படையினர் கைக்கு முழுதாக வந்தது என்பதையும் எழுதுவார்கள். அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர் அந்த வழியில் நடந்தவர் யார்? மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சிக்கு வந்து, தம்புள்ளையூடாக மாத்தளைக்குக் காடுவழியே சுமார் 150 மைல் கால்நடையாக வந்தவர்கள் எம் பாட்டன் பூட்டிகள். வாந்திபேதியில் வழியில் விழுந்தவர்களைப் புதைக்கவும் ஆளின்றி விட்டுப்போனார்கள். 2023 இல், இருநூறாவது ஆண்டை முன்னிட்டு, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை பலர் அந்த வழியை மறுபடி நடந்தார்கள். நல்ல காரியம், கண் கலங்கத்தான் செய்தது. ஆனால் அது தெற்கே வந்த பயணத்தின் நினைவு. அதே மக்களின் பேரப்பிள்ளைகள் அதே மதவாச்சியைக் கடந்து எதிர்த்திசையில் திரும்பிப்போன பயணத்துக்கு ஆண்டுவிழா இல்லை. எந்த ஆண்டை எடுப்பது என்பதே தகராறாகிவிடும்.

வடக்கில் அவர்களை வரவேற்றவர்களும் இருந்தார்கள். காந்தியம் என்ற அமைப்பை மருத்துவர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் நடத்தினார்கள். வவுனியாவிலும் சுற்றுவட்டங்களிலும் அகதிகளாக வந்த தோட்டக் குடும்பங்களைக் குடியேற்றினார்கள், கிணறு வெட்டினார்கள், பாலர் பள்ளிகள் அமைத்தார்கள். 1983 ஏப்ரலில் இருவரும் கைதானார்கள். இராஜசுந்தரம் அவ்வாண்டு ஜூலை 27 இல் வெலிக்கடைச் சிறைக்குள் கொல்லப்பட்டார். டேவிட் மட்டக்களப்புச் சிறையுடைப்பில் தப்பி, நெடுங்காலம் இந்தியாவில் இருந்து, 2015 இல் காலமானார். டொலர் பண்ணை, கென்ட் பண்ணை என்ற பெயர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1984 நவம்பர் 30 இல் அங்கே புலிகள் நடத்திய தாக்குதலில் சிங்களக் கைதிகளும் காவலர்களும் அவர்களுடைய பெண்டுபிள்ளைகளும் கொல்லப்பட்டார்கள். கொடிய செயல், அதை மழுப்பிச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் அக்கைதிகளைக் கொண்டுவந்து திறந்தவெளிச் சிறை அமைப்பதற்கு முன்பு, அதே ஆண்டில், அந்தப் பண்ணைகளிலிருந்து பொலிஸாரால் துரத்தப்பட்ட தோட்டக் குடும்பங்கள் இருந்தன. அந்தக் கதையின் முதல் அத்தியாயத்தை இரு தரப்புமே கிழித்துவிட்டன. ஒரு தரப்புக்கு அது வசதியில்லை. மறு தரப்புக்கு அது பெரிதாகப் படவில்லை.

இனி அந்த ‘ஒன்றுமில்லை’க்கு வருவோம். 1981 மார்ச்சில் எடுத்த கணக்கெடுப்பின்படி வவுனியா மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ‘இந்தியத் தமிழர்’. முல்லைத்தீவிலும் மன்னாரிலும் எட்டில் ஒருவருக்குக் குறையாது. கவனியுங்கள், இது 1981 ஓகஸ்டுக்கும் 1983 ஜூலைக்கும் முந்திய கணக்கு. என் சின்னம்மா இதில் இல்லை. 2012 கணக்கெடுப்பிலோ வவுனியாவில் அந்தப் பங்கு நூற்றுக்கு இரண்டைக்கூடத் தொடவில்லை. இவ்வளவு பேரும் எங்கே போனார்கள்? சிலர் படகேறித் தமிழகத்து முகாம்களுக்குப் போனார்கள். எத்தனையோ பேர் போரில் செத்தார்கள். ஆயினும் பெரும்பாலானோர் எங்கும் போகவில்லை. படிவத்தில் வேறு கட்டத்தில் அடையாளமிட்டார்கள், அவ்வளவே. ‘இலங்கைத் தமிழர்’ என்று எழுதிக்கொண்டார்கள். அதற்கு அவர்களுக்கு முழு உரிமையுமுண்டு. ஏன் அப்படி எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது என்று கேட்கிற உரிமை எனக்கும் உண்டு.

யாழ்ப்பாணத்தில் இந்தியாவிலிருந்து வந்தவர்களை ‘வடக்கத்தையான்’ என்பது பழைய வழக்கம். குடாநாட்டுக்கும் வடக்கே இருப்பது இந்தியாதானே. ஆக, தெற்கேயிருந்து உயிருக்கு அஞ்சி வடக்கே வந்தவனுக்கு வடக்கில் கிடைத்த பெயர் வடக்கத்தையான்! ‘தோட்டக்காட்டான்’ என்பது அதைவிட மலிவாகக் கிடைத்தது. காட்டை வெட்டி, வரம்பு கட்டி, இரணைமடுத் தண்ணீர் பாய்ந்த வயல்களில் நாற்று நட்டு, அருவி வெட்டி, சூடு அடித்துக் கொடுத்தவனை அழைக்க வேறு சொல் அகப்படவில்லை போலும்.

அமெரிக்க, கனேடியத் தம்பதியர் வீடுபோன்ற பெருவண்டிகளை ஓட்டிக்கொண்டு அலாஸ்காவுக்குப் போவார்கள். அவர்களுடைய வட அந்தலைப் பயணங்களைப் பார்த்துத்தான் நம்மவர்களுக்கும் இந்த வேன் ஆசை பிடித்தது என்று நினைக்கிறேன். அந்த அலாஸ்கா நெடுஞ்சாலை 1942 இல், உலகப் போரின் நடுவே, எட்டு மாத காலத்தில் போடப்பட்டது. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட படையினர் வேலை செய்தார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கறுப்பினத்தவர், தனிப் படையணிகளாகப் பிரித்து வைக்கப்பட்டவர்கள். பல்லாண்டுகள் அந்த வீதியின் கதையில் அவர்களுக்கு வரியில்லை. 2017 இல்தான் அலாஸ்கா மாநிலம் ஒக்டோபர் 25 ஆம் நாளை அவர்களுக்குரிய நாளாகச் சட்டம் செய்தது. எழுபத்தைந்து ஆண்டுகள் பிடித்தன. பிந்தியாவது செய்தார்கள். பெருவண்டியில் போகிறவன் இன்று வீதியோரப் பலகையில் அதை வாசிக்க முடியும். ஏ-9 வீதியோரத்தில் பலகைகளுக்குக் குறைவா? கிளிநொச்சி நகரில் குண்டு துளைத்த கொங்கிறீற்றுக் கட்டியில் தாமரை பூத்து நிற்கிறது. ஆனையிறவில் கவச இயந்திரம் காட்சிக்கு நிற்கிறது. சரிந்த நீர்த்தாங்கியையும் போருக்குப்பின் காட்சிப்பொருளாக வைத்தார்கள். அரசாங்கம் எழுதிய பலகைகளில் அவர்கள் இல்லை என்றால் விளங்கிக்கொள்ளலாம். புலம்பெயர்ந்த நாடுகளில் நாம் எழுதும் நினைவேடுகளில் அவர்கள் எங்கே?

நாங்கள் போனபோது, ஏ-9 இலிருந்து கிழக்கே திரும்பும் ஒரு சிறு வீதியில் இறங்கினோம். ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை; காரணம் பின்னால் வருகிறது. வெயில். ஒரு வீட்டுப் படலையில் நின்ற மூதாட்டியிடம் என் மனைவி தண்ணீர் கேட்டார். “உள்ளுக்க வந்து இருங்கோ பிள்ளை, கொண்டாறன்” என்று தூய வன்னித் தமிழில் பதில் வந்தது. செம்பை வாங்கிக் குடித்துவிட்டு என் மனைவி, “நாங்க காவத்தப் பக்கம் பாட்டி” என்றார். அவ்வளவுதான். அந்த முகம் மாறியதையும் அந்தத் தமிழ் மாறியதையும் நான் பார்த்தேன். “காவத்தயா? ஆத்தாடி! எந்தத் தோட்டம் தாயி? நாங்க தெரணியகலப் பக்கம். எழுபத்தேழுல வந்தவங்க. இப்பவும் அங்கிட்டெல்லாம் பெரட்டுக்குத் தப்படிக்கிறாங்களா?” நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக மடித்துவைத்திருந்த தமிழ் ஒரு செம்புத் தண்ணீரில் விரிந்துவிட்டது. இரண்டு மணி நேரம் பேசினோம். ஐந்து முறை இடம்பெயர்ந்த கதை, 2009 இல் செட்டிகுளம் முள்வேலி முகாமுக்குள் கிடந்த கதை, இரண்டு பிள்ளைகளில் ஒன்று இல்லாமற்போன கதை. புறப்படும்போது, நான் பத்திரிகைக்காரன் என்று தெரிந்ததும், கையைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, ஊரு பேரப் போட்டு எழுதிப்புடாதீங்க. பேத்திக்கு இப்பத்தான் ஒரு எடத்துல பேசியிருக்கு. நாங்க அங்கேருந்து வந்தவங்கன்னு அவுங்களுக்குத் தெரியாது.”

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தி மேசையில் இருந்திருக்கிறேன். உயிருக்கு அஞ்சி, வேலைக்கு அஞ்சி, சிறைக்கு அஞ்சிப் பெயரை மறைக்கச் சொன்னவர்கள் எத்தனையோ பேர். பிறந்த தோட்டம் வெளியே தெரிந்துவிடுமே என்று அஞ்சிப் பெயரை மறைக்கச் சொன்னவர் இவர் ஒருவர்தான். இந்த அச்சத்தை அவருக்குத் தந்தது இராணுவமல்ல.

இதை எழுதினால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். தமிழர் ஒற்றுமையைக் குலைக்கிறான் என்பார்கள். இத்தனை அழிவுக்குப் பிறகு இதைக் கிளற வேண்டுமா என்று சிலர் அன்போடும் கேட்பார்கள். அன்போடு கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: போரில் வன்னி மண்ணுக்குள் கடைசிவரை அகப்பட்டுக் கிடந்தவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். கொழும்பில் உறவில்லாதவன், ரொறன்ரோவில் மாமனில்லாதவன், குடாநாட்டில் வீடில்லாதவன். அந்த வரிசையில் முதலில் நின்றவர்கள் இவர்கள். ஒற்றுமைக்காக அவர்கள் கொடுத்தது போதும். அதன் பேரால் இப்போது மௌனத்தையும் கொடு என்று கேட்பது கூலி கொடுக்காமல் வேலை வாங்குவதுபோல. எங்கள் மலையகத் தலைவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. நல்லூர்த் தேருக்கு வடக்கே வருகிறீர்கள். வழியில் எங்கேனும் வண்டியை நிறுத்தினீர்களா? வாக்குப் பதிவு உங்கள் மாவட்டத்தில் இல்லையென்றால் உறவும் அற்றுப்போகுமா?

இன்னொரு சாரார், சுற்றுலா வந்தால் பணம் வரும், உங்கள் சனத்துக்கும் நல்லதுதானே என்பார்கள். வரட்டும். கச்சான் விற்பவளுக்கு நாலு காசு சேரட்டும். ஆனால் பயணக் கட்டுரை என்பது பணம் மட்டுமல்ல; எது இருக்கிறது, எது இல்லை என்று உலகுக்குச் சொல்கிற காரியம். ஒன்றுமில்லை என்று எழுதப்பட்ட நிலத்தை யாரும் எடுத்துக்கொள்ளலாம். வன இலாகா எல்லைக்கல் போடலாம். படை முகாம் வேலி போடலாம். வெளிநாட்டிலிருக்கும் உறுதிக்காரன் விற்கலாம்.

காணிதான் இங்கே உண்மையான வழக்கு. மற்றவையெல்லாம் அதைச் சுற்றித்தான். நாடற்றவனுக்கு அரச காணியில் அனுமதிப்பத்திரம் இல்லை. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமையைக் கொடுத்தது. அதற்குள் காணிகள் பங்கிடப்பட்டுவிட்டன. ஆகவே பலர் பிறருடைய கமங்களில் கூலிகளாகவும் காவலாளிகளாகவும் குடியிருந்தார்கள். கிளிநொச்சிப் பன்னங்கண்டியில் அப்படித் தனியார் கமங்களில் தலைமுறைகளாக வாழ்ந்த மக்கள், தாம் குடியிருக்கும் துண்டுக் காணியைத் தமக்கே எழுதித்தரும்படி 2017 இல் வீதியோரத்தில் அமர்ந்து போராடினார்கள். போருக்குப் பின் வீட்டுத் திட்டங்கள் வந்தன; காணி உரித்துக் காட்டினால்தான் வீடு. உரித்து இல்லை, ஆகவே கல்வீடும் இல்லை, தகரக் கொட்டில்தான். லயத்திலும் நிலம் துரையுடையது, வீடு துரையுடையது. அங்கிருந்து ஓடிவந்து இங்கே எதைக் கண்டார்கள்? இங்கே துரை தமிழில் பேசுகிறார்.

இதை வாசிப்பவர்களில் இலண்டனிலும் சிட்னியிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் சிலருக்கு, கிளிநொச்சிப் பக்கம் பாட்டனார் பெயரில் ஒரு கமம் இருக்கக்கூடும். உறுதி அலுமாரியில் இருக்கும். விடுமுறைக்கு வந்து வேன் எடுத்துக்கொண்டு பருத்தித்துறைக்குப் போகிற வழியில் ஒரு பகல் அங்கே தங்குங்கள். காணியின் மூலையில் குடியிருக்கும் குடும்பம் எத்தனை ஆண்டாய் இருக்கிறது, எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். உடனே சொல்லமாட்டார்கள், தண்ணீர் வாங்கிக் குடித்துப் பொறுமையாகக் கேளுங்கள். பிறகு அந்த மூலையில் கால் ஏக்கரை அவர்கள் பெயருக்கு எழுதிக்கொடுங்கள். நில அளவையாளர் ஒருவரும் நொத்தாரிசு ஒருவரும் வேண்டும். இரண்டு பேரும் கிளிநொச்சி நகரிலேயே கிடைப்பார்கள்.